ராணுவ மெடல்களையும் ஆவணங்களையும் மியூசியத்துக்குக் கொடுப்பது எப்படி? விருது ரத்தான சிக்கலையும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவோ தாத்தாவோ பட்டாளத்தில் இருந்தவர். அவர் காலமாகிவிட்டார். பரணில் ஒரு கறுப்பு டிரங்க் பெட்டி கிடக்கிறது. உள்ளே மெடல்கள், யூனிபார்ம், கடிதங்கள். யாராவது பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று யோசிக்கிற வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் இப்படிப்பட்ட பெட்டி இல்லாத ஊர் குறைவு.

பல குடும்பங்களுக்கு இந்த வேலையில் கூடமாட இருந்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் கடைசிப் படியில் ஆரம்பிக்கிறார்கள். மெடலைப் பளபளவென்று தேய்த்துவிட்டு மியூசியத்துக்குப் போன் போடுகிறார்கள். "இது யாருடையது?" என்று அங்கே முதல் கேள்வி வரும்போது பதில் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாரிசுகளில் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. அந்த விருது அவர் பெயரில் இன்னும் நிற்கிறதா, இல்லை எப்போதாவது ரத்து செய்யப்பட்டதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் மியூசியம் பக்கம் போக வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகப் போட்டது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் புக் அல்லது டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் ஆணை (பி.பி.ஓ.), இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழ். டிஸ்சார்ஜ் புக் தொலைந்துபோயிருந்தால் பி.பி.ஓ. கைகொடுக்கும். அதில் சர்வீஸ் நம்பர் இருக்கும். அந்த நம்பர் இல்லாமல் எந்த ரெக்கார்ட் ஆபீஸிலும் (படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) காரியம் நடக்காது. ராணுவத்தில் ஒரே பெயரில் பல முனுசாமிகள் இருப்பார்கள், ஒரே நம்பரில் இருவர் இருக்க மாட்டார்கள்.

வேறென்ன வேண்டும்? மென்மையான பென்சில், பருத்திக் கையுறை, அமிலமில்லாத தாள் அல்லது நன்றாகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி, பரவாயில்லாமல் படமெடுக்கும் செல்போன். அவ்வளவுதான்.

1. பெட்டியைத் திறந்ததும் எதையும் துடைக்காதீர்கள்

புளி, பீதாம்பரி, பிராஸோ எதுவும் வேண்டாம். பூஜைச் சாமான் தேய்க்கிற பழக்கத்தில் கை தானாகவே போகும், தெரியும். ஆனால் வட்டமான மெடலின் மதிப்பு பெரும்பாலும் அதன் முகத்தில் இருக்காது, விளிம்பில் இருக்கும். நம்பர், ரேங்க், பெயர், பிரிவு எல்லாம் விளிம்பில்தான் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்த எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். எழுத்து போய்விட்டால் அது யாருடைய மெடலாகவும் இருக்கலாம். மங்கிய வெள்ளி மெடல் மியூசியத்துக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

எழுத்தைப் படிக்க ஒரு வழி: அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மெடலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழும். 1971 போருக்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் போன்ற நட்சத்திர வடிவ மெடல்களுக்கு விளிம்பே கிடையாது. அவற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஒரே சட்டத்தில் கோத்த மெடல்களைப் பிரிக்காதீர்கள். கோத்த வரிசையே ஒரு தகவல். ரிப்பன் கிழிந்திருந்தாலும் புது ரிப்பன் மாற்ற வேண்டாம்.

அடுத்து, லேமினேஷன். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைப் "பாதுகாப்பாக" லேமினேட் செய்து வைத்திருக்காத வீடு அபூர்வம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் சேதமாகாமல் உரிப்பது மிகக் கடினம். ஏற்கெனவே செய்துவிட்டால் அப்படியே விடுங்கள், பிரிக்க முயல வேண்டாம். செய்யாதவற்றைச் செய்யாதீர்கள்.

டிரங்க் பெட்டியையும் எடைக்குப் போடாதீர்கள். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர், ஊர், ரயில்வே ஸ்டேஷன் என்று எழுதியிருக்கும். பழைய ரேங்கை அடித்துவிட்டுப் புது ரேங்க் எழுதியிருந்தால், அவருடைய பதவி உயர்வே அந்த மூடியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பாதிப் பொருள்களை விட அந்த மூடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மியூசியக் காப்பாட்சியர்கள் உண்டு.

2. சட்டச் சிக்கல் உள்ளவற்றை முதலில் தனியே ஒதுக்குங்கள்

இது இரண்டாம் படியாக இருப்பதற்குக் காரணம், இதில் தவறினால் மற்ற எல்லாமும் நின்றுவிடும்.

தோட்டா, கையெறி குண்டு, ஷெல் (பீரங்கிக் குண்டு) எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். "ரொம்பப் பழசு, ஒன்றும் ஆகாது" என்பது ஆபத்தான பேச்சு. வெடிமருந்து பழசாக ஆக நிலைகுலையும். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள். வெற்று ஷெல்லைப் பூச்சாடியாக வைத்திருந்தாலும் அது வெறும் கூடுதான் என்று உறுதி செய்யப்பட்ட பிறகே பட்டியலில் சேருங்கள்.

உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்து உரிமதாரர் இறந்துவிட்டால், அதை வீட்டிலேயே வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பெயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), வாள் இருந்தாலும் ஒரு வார்த்தை ஸ்டேஷனில் கேட்டுவிடுவது நல்லது. மியூசியத்துக்குப் போகும் வழியில் பையில் பெயோனெட்டோடு மாட்டிக்கொண்டால் விளக்குவது கஷ்டம்.

தந்தம், சிறுத்தைத் தோல் வந்தால் அது வனத்துறை விஷயம். ராணுவ வரைபடம், "ரகசியம்" முத்திரையுள்ள தாள் வந்தால் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாமல், அவருடைய ரெஜிமென்ட்டுக்கு எழுதிக் கேளுங்கள்.

3. பட்டியல் போடுங்கள், உறையைத் தூக்கிப்போடாதீர்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். மெடலுக்கு முன், பின், விளிம்பு என மூன்று படம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். அளவு தெரிந்தால்தான் அது முழு மெடலா, விருந்து உடையில் குத்திக்கொள்ளும் மினியேச்சரா என்று தெரியும். இரண்டையும் தனித்தனி விருதாக எண்ணி "தாத்தாவுக்குப் பன்னிரண்டு மெடல்" என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் பலர் அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு, விழாக்களுக்குக் கடையில் வாங்கிய நகலைக் குத்திக்கொள்வார்கள். விளிம்பில் பெயர் இல்லை என்பதால் மட்டும் நகல் என்று முடிவுகட்ட வேண்டாம். பட்டியலில் "விளிம்பில் எழுத்து இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தீர்ப்புச் சொல்வது காப்பாட்சியர் வேலை.

கடிதங்களில் நேரம் செலவிடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய் தான் இருக்கும் இடத்தைக் கடிதத்தில் எழுதக் கூடாது. எழுதினால் தணிக்கையாளர் அடித்துவிடுவார். அதனால் உள்ளே "நான் இங்கே சுகம், அங்கே மழை உண்டா" என்றுதான் இருக்கும். இடத்தைச் சொல்வது உறை. அதன் மேல் உள்ள ராணுவ அஞ்சலக எண்ணையும் தேதியையும் வைத்து அந்த யூனிட் அன்று பர்மாவில் இருந்ததா, இத்தாலியில் இருந்ததா என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைத் தூக்கிப்போட்டால் போனது பாதி. ஸ்டாம்ப்பைக் கிழித்தெடுத்துப் பேரனுக்குக் கொடுத்துவிட்டால், அதோடு முத்திரையும் போய்விடும்.

போட்டோக்களின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவரும். பென்சிலால் எண் மட்டும் போதும். படத்தில் இருப்பவர்கள் யார் என்று பாட்டியையோ பெரியப்பாவையோ இப்போதே கேட்டு, செல்போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சான்றிதழ்களை அலுவலகத்தில் எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். இதற்கு அந்த வசதி கிடையாது.

4. வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்

மெடல் அசையும் சொத்து. உயில் எழுதாமல் இந்து ஒருவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம் என்று நினைப்பதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. கல்யாணமாகிப் போன அத்தைகளைக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். மெடல் கண்ணாடிப் பெட்டிக்குள் போன பிறகு அத்தை மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார். அப்படி ஒரு முறை பட்ட மியூசியம், அடுத்து வருகிற எல்லாரிடமும் முதலில் வாரிசுச் சான்றிதழைத்தான் கேட்கும்.

ஒரு தாளில் பட்டியலை இணைத்து, "இவற்றை மியூசியத்துக்குக் கொடையாகத் தர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டால் போதும். வெளிநாட்டில் இருப்பவரிடம் ஸ்கேன் வாங்கினாலும் அசல் தாளையும் தபாலில் வரவழையுங்கள்.

பெரியவர் உயிரோடு இருந்து, தானே கொடுக்க விரும்பினால் இன்னும் நல்லது. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம், கொடையை ஏற்றுக்கொள்வது கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும் என்கிறது. "கொடுக்கிறேன்" என்று அவர் சொன்னதும் மியூசியம் "பரிசீலிக்கிறோம்" என்றதும் கொடை ஆகாது. வயதானவர் என்றால் உயிலிலும் ஒரு வரி சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

5. விருது ரத்து செய்யப்பட்டதா என்று பாருங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். சிலர் தெரிந்தே தாண்டுகிறார்கள். வீட்டில் பேசக்கூடாத விஷயமாக அது இருந்திருக்கும்.

கொடுத்த விருதைத் திரும்பப் பெறும் அதிகாரம் புதிதல்ல. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸை 1856-இல் ஏற்படுத்திய ஆணையிலேயே ரத்துக்கான பிரிவு இருந்தது. 1861 முதல் 1908 வரை எட்டுப் பேர் அதை இழந்தார்கள். அதில் ஒருவர் மைக்கேல் மர்பி. 1858-இல் ஆசம்கர் அருகே நடந்த சண்டைக்காக விருது பெற்றவர். குதிரைக்கான ஓட்ஸும் புல்லும் திருடியதாக 1872-இல் தண்டனை பெற்றபோது விருதும் போனது. பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இதை விரும்பவில்லை. கொலைக் குற்றத்துக்குத் தூக்குமேடை ஏறுகிறவன்கூட அந்த கிராஸை அணிந்தே ஏறலாம் என்பது அவர் கருத்து என்று அவருடைய செயலர் 1920-இல் எழுதினார். அதன்பின் விக்டோரியா கிராஸ் யாரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை.

நம் நாட்டில் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா விதிகளில் இந்த அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. ரத்து செய்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும், பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டும். பிறகு அவரே விருதை மீட்டும் தரலாம். இரண்டில் எது நடந்தாலும் அரசிதழில் வெளியாகும். ஆகவே ஊர்ப்பேச்சை நம்பாமல் தாளைத் தேடுங்கள்.

தேடும் வரிசை இது: டிஸ்சார்ஜ் புக்கில் மெடல்கள் பகுதி, பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளம், இந்திய அரசிதழ். சுதந்திரத்துக்கு முந்திய வீர விருது என்றால் லண்டன் கெஜட், அது இணையத்தில் இலவசம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு கடிதம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவுக்குப் பெங்களூரு. முகவரியும் கடித மாதிரியும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

நான்கு நிலைமைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நான்கும் வேறு வேறு.

*மெடல் வரவே இல்லை.* "ரெட் இங்க் என்ட்ரி" என்று முன்னாள் ராணுவத்தினர் சொல்வது, தண்டனையைச் சிவப்பு மையில் பதிவது. நன்னடத்தையை எடைபோட்டுத் தருகிற சலுகைகள் அதனால் கிடைக்காமல் போகலாம். கிடைக்காதது வேறு, கிடைத்ததைப் பறித்தது வேறு.

*பணியிலிருந்து நீக்கப்பட்டார்.* பணிநீக்கம் ஆனதாலேயே வீர் சக்ரா போன்ற விருது தானாகப் போய்விடாது, அதற்குத் தனி உத்தரவு வேண்டும். போரில் பங்கெடுத்ததற்கும் சேவைக் காலத்துக்கும் தரும் மெடல்களுக்கு ராணுவத்தின் சொந்த விதிகள் உண்டு. அதை ரெக்கார்ட் ஆபீஸ்தான் சொல்ல முடியும்.

*அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார்.* ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் கோரிக்கைக்காக 2009-இல் முன்னாள் படைவீரர்கள் டெல்லியில் மெடல்களைக் குடியரசுத் தலைவருக்கே திருப்பி அனுப்பினார்கள். பெட்டியில் மெடல் இல்லாமல் ரிப்பன் மட்டும் இருந்தால் இதையும் விசாரியுங்கள். இது எதிர்ப்பு. இதனால் பதிவேட்டில் பெயர் அழியாது.

*உண்மையிலேயே ரத்தானது, ஆனால் மெடல் வீட்டிலேயே இருக்கிறது.* இப்படி ஒன்று கையில் இருந்தால் அதைக் கொடையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதே சந்தேகம். விற்காதீர்கள், ஒளிக்காதீர்கள், மியூசியத்திடமும் இப்போதே தராதீர்கள். நிலைமையைச் சொல்லி, "இதை ஒப்படைக்க வேண்டுமா, மியூசியத்துக்குத் தரலாமா" என்று ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். எழுத்தில் பதில் வரும் வரை காத்திருங்கள். மற்ற பொருள்களைத் தருவதற்கு அது தடையில்லை.

ரத்தான விஷயத்தை மறைத்துவிடலாமா என்று மெல்லக் கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அரசிதழில் இருப்பதை எந்த ஆய்வு மாணவரும் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு மியூசியம் உங்கள் மொத்தக் கொடையையும் சந்தேகத்தோடு பார்க்கும். ரத்தான கதை இருப்பதால் மியூசியம் மறுத்துவிடும் என்பதும் தவறான பயம். விருதுத் தாளும் ரத்து உத்தரவும் சேர்ந்து இருக்கிற தொகுப்பு கிடைப்பது அரிது, விவரம் தெரிந்த காப்பாட்சியர் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்.

6. ஐ.என்.ஏ. வீடுகளுக்குத் தனியாக ஒரு குறிப்பு

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களின் பெட்டிகள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர்களில் இரண்டு வகையினர் இருந்தார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து நேராகச் சேர்ந்தவர்கள் ஒரு வகை. ஜான்சி ராணி ரெஜிமென்ட்டில் சேர்ந்த தமிழ்ப் பெண்களும் இதில் அடக்கம். இவர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்ததே இல்லை, ஆகவே பறிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இன்னொரு வகை, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து, ஜப்பானியரிடம் கைதியாகி, பிறகு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள். டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ.வினர் மீது நடந்த முதல் வழக்கில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவருக்கும் நாடுகடத்தல், பதவி நீக்கம், சம்பள நிலுவை பறிப்பு என்று தண்டனை வந்தது. 1946 ஜனவரியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை மட்டும் நீக்கினார். பதவி நீக்கமும் சம்பளப் பறிப்பும் நின்றன.

அந்த இரண்டாம் வகைக்காரர் வீட்டுப் பெட்டியில் அவரை ராணுவத்தை விட்டு அனுப்பிய தாள் ஒன்று இருக்கலாம். அதே பெட்டியில் 1972-இல் சுதந்திரத்தின் வெள்ளி விழாவுக்கு இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்குத் தந்த தாமிரப் பத்திரமும் இருக்கலாம். தாமிரப் பத்திரத்தை மாட்டி வைத்துக்கொண்டு, முதல் தாளைக் கிழித்துப்போடுவதுதான் வழக்கமாக நடப்பது. தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஒரே மனிதரைப் பற்றி இரண்டு அரசுகள் எழுதியவை அவை. ஒரே உறையில் ஒன்றாக வைத்து, பட்டியலில் அடுத்தடுத்த எண் கொடுங்கள்.

நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசு தந்த மெடல்கள் என்று சொல்லப்படுபவற்றில் பிற்காலத்தில் அடித்த நகல்கள் ஏராளம். எப்போது, யார் கையிலிருந்து வந்தது என்பதை எழுதி வையுங்கள். கடையில் வாங்கியதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

7. பொருளுக்கேற்ற மியூசியத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய மியூசியம்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். பெரிய இடங்களில் பொருள்களின் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். அந்தப் பொருளைப் புரிந்துகொள்ளும் இடம் எது என்று பாருங்கள்.

ரெஜிமென்ட் அடையாளம் அழுத்தமாக இருந்தால் ரெஜிமென்ட் மியூசியம். உயரிய பிரிட்டிஷ் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டவர், மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவர். அந்தப் படைப்பிரிவில் இருந்தவரின் பொருள்களுக்குப் பெங்களூரில் உள்ள சாப்பர்ஸ் மியூசியம்தான் முதல் வாசல். ஐ.என்.ஏ. என்றால் மணிப்பூரின் மொய்ராங், டெல்லி செங்கோட்டை ஆகிய இடங்களில் மியூசியங்கள் உண்டு. வெறும் கடிதங்களும் டைரிகளும் என்றால் மியூசியத்தை விட ஆவணக் காப்பகம் மேல். அங்கேதான் அவற்றைப் படிக்க ஆள் வருவார்கள்.

ரெஜிமென்ட் மியூசியத்தில் ஒரு பலவீனம் உண்டு. அதிகாரிகள் சில வருடங்களுக்கொரு முறை மாறுவார்கள். உங்களிடம் பிரியமாகப் பேசி வாங்கிக்கொண்ட கர்னல் அடுத்த வருடம் வேறு ஊரில் இருப்பார். வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும், தாள் மட்டும் அலுவலகத்தில் இருக்கும்.

வெளிநாட்டு மியூசியத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தைப் பாருங்கள். நூறு வருடம் கடந்த பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப் போர் மெடல் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடம்தான் எல்லை. 1944-இல் எழுதிய டைரியும் இதில் வரலாம். கூரியரில் போட்டுவிட்டு அப்புறம் யோசிக்கிற விஷயம் அல்ல இது.

8. முதல் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்

பொருளைத் தூக்கிக்கொண்டு நேரில் போகாதீர்கள். முதலில் கடிதம், கூடவே பட்டியலும் படங்களும். கடிதத்தில் அவருடைய பெயர், சர்வீஸ் நம்பர், பிரிவு, பணியாற்றிய வருடங்கள், என்னென்ன பொருள்கள், வாரிசுகள் சம்மதம் உண்டா என்பவை இருக்கட்டும். ரத்து விஷயம் இருந்தால் ஒரு வரி: "இவருக்கு அளிக்கப்பட்ட இந்த விருது இந்தத் தேதியிட்ட உத்தரவால் ரத்து செய்யப்பட்டது, நகல் இணைத்துள்ளோம்." நியாயம் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

தியாகம், வீரம் என்று இரண்டு பத்தி எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். அதைப் படிக்கிறவருக்கு நம்பரும் பிரிவும்தான் தேவை. நம்பர் இருந்தால் மற்றதை அவரே தேடிக்கொள்வார்.

அவர்கள் பாதியை மட்டும் கேட்டால் வருத்தப்படாதீர்கள். ஒரே மாதிரி பெல்ட் அவர்களிடம் ஏற்கெனவே நாற்பது இருக்கலாம்.

9. கொடைப் பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்

கொடையா, கடனா என்பதை முதல் வரியிலேயே தெளிவாக்குங்கள். கடன் என்றால் முடிவுத் தேதி வேண்டும். தேதி போடாத கடன், பேரன் காலத்தில் தகராறாகத்தான் முடியும்.

"எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்" என்று நிபந்தனை போடாதீர்கள். நல்ல மியூசியம் அதை ஏற்காது. துணியையும் ரிப்பனையும் தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் சாயம் போகும், அவ்வப்போது எடுத்து இருட்டில் வைக்கத்தான் வேண்டும். அதற்குப் பதில், "விற்கக் கூடாது; தேவையில்லை என்று முடிவு செய்தால் முதலில் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று கேளுங்கள். இது நியாயமான கோரிக்கை.

கடிதம், டைரியைக் கொடுப்பதால் அவற்றின் பதிப்புரிமை தானாக மியூசியத்துக்குப் போகாது. அதை எழுத்தில் தனியாகத் தர வேண்டும். ஆய்வுக்கும் காட்சிக்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இல்லாவிட்டால் அவர்கள் ஒரு பக்கத்தைப் படமாக அச்சிடவும் தயங்குவார்கள்.

விளக்க அட்டையில் என்ன எழுதுவது என்பதைக் குடும்பம் தீர்மானிக்க முடியாது. அச்சாகும் முன் பெயர், தேதி சரிபார்க்கக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கலாம். விருது பற்றிப் பின்னால் புதுத் தகவல் வந்தால் மியூசியம் அதைச் சேர்க்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

பொருளாகக் கொடுப்பதற்கு நன்கொடை வரிக் கழிவு கிடையாது, பணமாகத் தந்தால்தான். அதனால் பத்திரத்தில் விலை மதிப்பு போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

10. ஒப்படைக்கும் நாள்

நீங்களே கையில் எடுத்துப் போங்கள். மெடல்களைத் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும் வேண்டாம். யூனிபார்மை மடிக்கிற இடத்தில் தாளைச் சுருட்டி வைத்தால் மடிப்புக் கோடு விழாது. பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால் எடுத்துவிட்டு, போட்டிருந்ததை மியூசியத்தில் சொல்லுங்கள்.

கன்டோன்மென்ட்டுக்குள் இருக்கும் மியூசியம் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், ஆதார் எடுத்துப் போங்கள். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடலாம். "அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மூன்றாம் படியிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியலின் இரண்டு பிரதிகளிலும் பொருள் பொருளாக டிக் அடித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி. அலுவலக முத்திரை விழுந்ததா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். போட்டோ எடுத்து மாலை போட்டு அனுப்பிவிட்டு, "ரசீது அப்புறம் வரும்" என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

11. பதிவு எண் வாங்காமல் விடாதீர்கள்

ரசீது மட்டும் போதாது. மியூசியத்தின் பதிவேட்டில் ஏறி, ஒவ்வொரு பொருளுக்கும் பதிவு எண் விழுந்த பிறகுதான் வேலை முடிகிறது. எண் இல்லாத பொருள் கிடங்கு மாறும்போது காணாமல் போனால், அது அங்கே இருந்ததற்கே சாட்சி இருக்காது. மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். பிறகு ரசீது எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, பதவியின் பெயருக்கு எழுதுங்கள், ஆளின் பெயருக்கு வேண்டாம். எண் வந்ததும் வாரிசுகள் எல்லாருக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டு, உங்கள் பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.